மழைக்கோட்டையும் மலைக்கோட்டையும்

கோடை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், சொல்வதை எழுதும் பரீட்சை ஒன்று வைப்பது என் வழக்கம். பெரிய பரீட்சை ஒன்றுமில்லை, நாலைந்து வாக்கியங்கள்தான். திருச்சிராப்பள்ளியில் உபாத்திமைத் தொழில் பார்க்கிறவன் வேறு எதைச் சொல்லப் போகிறேன்? "மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் காவிரியும் கொள்ளிடமும், அவ்விரண்டுக்கும் நடுவே திருவரங்கமும் தெரியும்" என்று நிதானமாக இரண்டு தடவை சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகங்களைப் பிரித்தபோது, ஊரின் பூகோளமே மாறிப் போயிருந்தது. ஒரு பையன் மழையினாலேயே ஒரு கோட்டை கட்டி, அதற்கு 'மழைக்கோட்டை' என்று பெயர் சூட்டியிருந்தான். ஒரு பெண் கொள்ளிடத்தைக் 'கொல்லிடம்' ஆக்கி, அந்தப் புண்ணிய நதியைக் கொலைக்களமாக மாற்றிவிட்டாள். இன்னொருவன் 'திருவறங்கம்' என்று எழுதியிருந்தான். அறம் வளரும் தலமாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் 'நின்ரு' என்று எழுதியவனுக்கு என்ன சமாதானம் சொல்வது?

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயந்தான். என் சிரிப்பு நின்றது எங்கே என்றால், அதே குழந்தைகளின் பழைய நோட்டுக்களை எடுத்துப் பார்த்த இடத்தில். ஏப்ரல் மாதத்தில் இதே பையன் 'மலைக்கோட்டை' என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறான். இதே பெண் 'கொள்ளிடம்' என்பதைப் பிழையின்றி எழுதியிருக்கிறாள். ஒரு வகுப்பு முடிந்து மறு வகுப்புத் தொடங்குவதற்குள், இடையில் ஓடிய சில வாரங்களில், அந்த எழுத்துக்கள் எங்கே போயின?

இக்கேள்வி பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு மட்டும் உரியதல்ல. குழந்தையை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் இன்று நம் ஊர்களிலும் இருக்கின்றன. 1989-ஆம் வருஷத்தில் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு ஆகியவற்றுக்கு ஈடாக மூன்று படிகள் வகுத்திருக்கிறது. ஒரு படியிலிருந்து மறு படிக்கு ஏறும் இடைவெளியில் இந்த வீட்டு மாணவர்களுக்கும் நேர்வது இதுவேதான்.  கதை மறப்பதே இல்லை. எழுத்து நழுவிவிடுகிறது.

மறதியின் கணக்கு

இதைப் பற்றி ஜெர்மானியப் பேராசிரியர் எபிங்ஹாஸ் என்பவர் 1885-ஆம் வருஷத்திலேயே ஒரு நூல் வெளியிட்டார். அவர் வேறு யாரையும் சோதிக்கவில்லை, தம்மையே சோதித்துக்கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக நெட்டுருப் போட்டு, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்து வைத்தார். மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போய்விடுகிறது. பிறகு மறதியின் வேகம் தணிந்து, மெல்ல மெல்லத் தேய்கிறது என்று கண்டார். இதைக் கேட்டவுடன் மனம் சோர்வது இயல்பு. ஆனால் அவரே கண்ட மற்றொரு உண்மை நமக்குத் தைரியம் தருவது: மறந்ததை மறுபடியும் படிக்கும்போது முதல் தடவை பிடித்த நேரம் பிடிப்பதில்லை. போனது முழுவதும் போய்விடவில்லை. அடியில் கொஞ்சம் தங்கியிருக்கிறது.

கோடையில் காவிரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மா மண்டபப் படித்துறையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். ஆனால் கையால் சிறிது தோண்டினால் ஊற்று நீர் வரும். குழந்தையின் எழுத்தறிவும் அப்படிப்பட்டதுதான். விடுமுறையில் அதற்குப் பெரிய வாய்க்கால் வெட்ட வேண்டியதில்லை. தினந்தோறும் ஒரு சிறிய ஊற்றுத் தோண்டினால் போதும்.

பிழை வரும் இடங்கள் சிலவே

தமிழ்த் தாய்மார்கள் முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலீஷ் பாஷையில் ஏறக்குறைய ஒவ்வொரு வார்த்தைக்கும் எழுத்துக் கூட்டுவது தனிப் பாடம். தமிழில் அப்படியில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துக்கள் இருந்தாலும், குழந்தைகள் இடறி விழும் பள்ளங்கள் மொத்தம் நாலுதான். ரகரமும் றகரமும் ஒரு பள்ளம். லகர, ளகர, ழகரங்கள் ஒரு பள்ளம். நகர, னகர, ணகரங்கள் ஒரு பள்ளம். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் வல்லெழுத்து மிகுவதும் மிகாததும் நாலாவது பள்ளம். இவற்றை மூடிவிட்டால் பாதை நேராகிவிடும்.

இந்தப் பள்ளங்கள் ஏன் ஏற்பட்டன? நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்பதனால்தான். 'பறவை' என்று சொல்லும்போதும் 'பரவை' என்று சொல்லும்போதும் நம் நாவில் வேறுபாடு அநேகமாக இல்லை. பெரியவர்களே 'மழை' என்பதை 'மளை' என்று சொல்லிக்கொண்டிருக்கையில், குழந்தையின் காது எதைப் பிடித்துக்கொள்ளும்? ஆகையால் எழுத்துப் பிழையைத் திருத்த விரும்பும் பெற்றோர் முதலில் தங்கள் உச்சரிப்பைத் திருத்திக்கொள்வது உத்தமம். செலவில்லாத சீர்திருத்தம் இது.

அடுத்தபடியாக, சில விதிகளைக் குழந்தைக்கு விளையாட்டுப் போலவே சொல்லிவிடலாம். டகரத்துக்கு முன் நிற்பது ணகர மெய். றகரத்துக்கு முன் நிற்பது னகர மெய். தகரத்துக்கு முன் நிற்பது நகர மெய். கண்டான், தின்றான், வந்தான் என்ற மூன்று வார்த்தைகளை ஒரு குழந்தை மறக்காமல் வைத்திருந்தால், 'நின்ரு' என்று எழுதும் பேச்சே இல்லை. சொல்லின் முதலில் வருவது எப்போதும் நகரமே. முந்நூறு, செந்நெல் போன்ற சில கூட்டுச் சொற்களையும், தகரத்துக்கு முன் வருவதையும் விட்டால், நடுவில் அதற்கு வேலை குறைவு.

இன்னொரு விதி. டகர மெய்க்கும் றகர மெய்க்கும் அடுத்தாற்போல் மற்றொரு புள்ளி எழுத்து வராது. 'முயற்சி', 'கற்பனை', 'அதற்கு', 'காட்சி' என்பவையே சரியான வடிவங்கள். இவற்றின் நடுவில் ஓர் ஒற்றைச் செருகுவது இன்று பட்டதாரிகளின் கடிதங்களிலும், விளம்பரப் பலகைகளிலும் சர்வசாதாரணமாகக் காணும் வியாதி. ஆனால் யகர, ரகர, ழகர மெய்களுக்குப் பின் அப்படி வரலாம்: நாய்க்குட்டி, பார்க்கிறான், வாழ்க்கை. இந்த ஒரு விதியை விடுமுறையில் ஒரு குழந்தை கற்றுக்கொண்டால், அந்த விடுமுறை வீணாகவில்லை என்பேன்.

திண்ணையில் கண்ட வழி

வீட்டிலே படித்த பிள்ளைக்குத் தமிழ் வராது என்று எவரேனும் சொன்னால், அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே சில மைல் தூரத்திலுள்ள அதவத்தூருக்கு அழைத்துப் போக வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1815-ஆம் வருஷத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் சிதம்பரம் பிள்ளை அவ்வூரில் ஆசிரியராக இருந்தார். மகனுக்கும் அவரே முதல் ஆசிரியர். எழுத்தும் நிகண்டும் தகப்பனாரிடம் கற்ற அந்தக் குழந்தைதான், பின்னாளில் பாட்டுக்களை மடை திறந்தாற்போல் வாயாற் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளும் பெரும் புலவராயிற்று. சொல்வதை எழுதுதல் என்பது வெள்ளைக்காரர் நமக்குக் கொடுத்த பாடம் என்று எண்ணுவது எவ்வளவு தவறு, பாருங்கள்!

அந்தப் பிள்ளையவர்களிடம் 1871-ஆம் வருஷத்தில் மாணவராகச் சேர்ந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள், தம்முடைய சுயசரிதையை 1940-ஆம் வருஷம் முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்தார்கள். தாம் இளமையில் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அதில் அவர்கள் சொல்லியிருக்கும் ஒரு செய்தி, இன்றைய பெற்றோருக்குப் பொற்காசு போன்றது. மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது, பூ, பட்சி, மிருகம், ஊர் இவற்றில் ஏதேனும் ஒன்றின் பெயரை உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் மறவாமல் வந்து அதைச் சொல்ல வேண்டும். ஒரு மாலைக்கு ஒரே ஒரு பெயர்! எபிங்ஹாஸ் நூல் எழுதுவதற்கு முன்பே நம் திண்ணை வாத்தியார், மறதியின் மேல் ஓர் இரவைக் கடத்தி ஞாபகத்தைச் சோதிக்கும் வித்தையை அறிந்திருந்தார்.

மணலிலே விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வதும் அந்தப் பள்ளிக்கூடங்களின் வழக்கம். கண், கை, வாய், காது நான்கும் ஒரே எழுத்தில் ஒன்றுகூடுகின்றன. சென்னையில் எழும்பூர் அனாதை விடுதியின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு வியந்து, 1797-ஆம் வருஷத்தில் லண்டனில் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அதன் பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் 'மதராஸ் முறை' என்ற பெயராலேயே எழுத்துக் கற்றார்கள். நாம் பழசு என்று ஒதுக்கியதைக் கடல் தாண்டியவர்கள் புதுசு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பழமை என்பதற்காக அனைத்தையும் கும்பிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அந்தத் திண்ணைகளில் பிரம்பும் இருந்தது. கோதண்டத் தண்டனையும் இருந்தது. பெண் குழந்தைகளில் பெரும்பாலோரும், ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாதிகளின் குழந்தைகளும் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை. அந்தக் குறைகளை மண்ணில் புதைத்துவிட்டு, மணலையும் மாலைப் பெயரையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பள்ளிக்கூடம் கிடைக்காத பெண்கள் வீட்டிலேயே எழுத்தைக் காப்பாற்றி வைத்திருந்த கதையும் நம் நாட்டில் உண்டு. 1901-ஆம் வருஷத்தில் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிப் படிப்பு இல்லாதவர். முதலில் அவர் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். பிறகு தாமே எழுதக் கற்று, 1925-ஆம் வருஷத்தில் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். தேச விடுதலைக்காகச் சிறையும் சென்றார். ஸ்ரீரங்கத்திலிருந்த என் பாட்டியும் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பார். சலவைக் கணக்கைத் தம் கையாலேயே எழுதுவார். அவருடைய கணக்கு நோட்டில் ஓர் எழுத்துப் பிழை கண்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஊர்ப் பெயரே பாடப் புத்தகம்

விடுமுறையில் புதிய புஸ்தகம் வாங்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்குவதற்குள் ஒரு முழுப் புத்தகம் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறது. நம் ஜில்லாவின் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் குழந்தைக்குப் பொருளோடு சொல்லுங்கள். பொருள் தெரிந்த எழுத்து மறக்காது.

கொள்ளிடத்தை எடுத்துக்கொள்வோம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. பெருவெள்ளம் வந்தால் மிகுந்த நீரைக் கொள்ளும் இடம் ஆகையால் கொள்ளிடம் என்று குழந்தைக்குச் சொல்லிவிட்டால், அது மீண்டும் கொலைக்களம் ஆகாது. உறையூரில் றகரம்; உறைதல் என்றால் தங்கியிருத்தல்; பழைய சோழர்கள் உறைந்த ஊர் அது. ரகரம் போட்டு எழுதினால் பேச்சுக்குப் பெயர் போன ஊராகிவிடும். துறையூரில் றகரத்தை மாற்றினால் வெள்ளைக்காரத் துரைகளுக்கு ஓர் ஊரை இனாமாக எழுதிக் கொடுத்ததாகும். அவர்களை 1947-ஆம் வருஷத்தில் அனுப்பி வைத்த பிறகு அது நியாயமல்ல. பாலக்கரையில் கரை வேண்டும், கறை கூடாது.

திருவானைக்காவில் யானை வழிபட்டது என்பது ஸ்தல புராணம். யானைக்கு உரியது னகரம். ணகரம் போட்டால் ஆணை, அதாவது உத்தரவு ஆகிவிடும். திருவெறும்பூரில் எறும்புகள் வழிபட்டன என்பார்கள். எறும்புக்கு உரியது றகரம். யானையையும் எறும்பையும் சித்திரம் எழுதச் சொல்லி, கீழே ஊரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மணப்பாறையில் றகரம், அவ்வூர் முறுக்கிலும் றகரம். 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற அந்த முறுக்கைக் கடிக்கும்போது ஒரு தடவை எழுத்துக் கூட்டச் சொன்னால், எந்தக் குழந்தையும் மறுக்காது.

கொஞ்சம் வளர்ந்த குழந்தையானால் லால்குடியைக் காட்டுங்கள். பழைய தமிழ் வழக்கில் லகரம் ஒரு சொல்லின் முதலில் வராது. அப்படியானால் இந்த ஊருக்கு எப்படி வந்தது? 'லால்' வடக்கிலிருந்து வந்த வார்த்தை. ஊரின் பழம்பெயர் திருத்தவத்துறை. ரகரமும் அப்படியே முதலில் வராது. அதனால்தான் ரங்கம் என்பது தமிழ் வாயில் அரங்கம் ஆயிற்று. ஸ்ரீரங்கம் திருவரங்கம் ஆயிற்று. ஓர் எழுத்து விதியைச் சொல்லப் போய், சரித்திரத்தின் ஒரு கதவையே திறந்துவிட்டோம் அல்லவா?

சொல்வதை எழுதும் பாடத்துக்கும் ஊர்ச் செய்திகளே சிறந்தவை. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்துதான் வேதாரணியத்துக்கு நடந்து புறப்பட்டார்கள். வ. வே. ஸு. ஐயர் பிறந்தது இவ்வூர் வரகனேரியில். இவற்றை நாலு நாலு வாக்கியங்களாகச் சொல்லி எழுதச் செய்தால், எழுத்தும் வரும், தேசமும் தெரியும்.

பத்து நிமிஷம் போதும்

இனி, தினசரி முறை. காலையில் பத்து நிமிஷம் போதும். அதற்கு மேல் ஒரு நிமிஷமும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள். குழந்தை ஒவ்வொரு சொல்லையும் நன்றாகப் பார்க்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். எழுதிய பின் தானே திறந்து ஒப்பிட வேண்டும். பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி. பாராமல் எழுதுவதே ஞாபகத்துக்குப் பயிற்சி. ஒரே சொல்லை இருபது தடவை எழுதச் சொல்வது தண்டனை. அதில் பத்தாவது தடவைக்கு மேல் கைதான் எழுதுகிறது, மனம் கிட்டிப்புள் ஆடப் போய்விடுகிறது.

அந்த ஐந்து சொற்களையும் மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை கேளுங்கள். மூன்று தடவையும் சரியாக வந்தால் அந்தச் சொல்லுக்கு விடுதலை. அஷ்டமிக்கும் பிரதமைக்கும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை உண்டு. நீங்களும் விடுமுறை கொடுங்கள். விடுமுறைக்குள் ஒரு விடுமுறை கிடைத்தால் குழந்தைக்கு இரட்டைச் சந்தோஷம்.

மளிகைச் சீட்டைக் குழந்தையே எழுதட்டும். உளுத்தம்பருப்பு, மிளகு, புளி, வெல்லம், பெருங்காயம் என்று அதில் எல்லாப் பள்ளங்களும் இருக்கின்றன. வெல்லத்துக்குப் பதில் 'வெள்ளம் இரண்டு கிலோ' என்று எழுதினால், கடைக்காரர் ஆடிப்பெருக்கு வரையில் காத்திருக்கச் சொல்வார்! மாலையில் சொற்சங்கிலி ஆடலாம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். 'மலை' என்று சொன்னால் அடுத்தவர் திண்டாடுவார். 'லை' என்று தொடங்கும் தமிழ்ச் சொல் ஏது? எந்த எழுத்துக்கள் முதலில் வாரா என்ற இலக்கணச் சூத்திரத்தைக் குழந்தை தோற்றுத் தோற்றே கற்றுக்கொண்டுவிடும்.

பெரியவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, தவறான வடிவத்தையும் சரியான வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டாதீர்கள். நான் பல வருஷம் அப்படிச் செய்து பார்த்தேன். பரீட்சையில் குழந்தைக்கு இரண்டும் ஞாபகம் வந்து, எது எது என்று தெரியாமல் விழித்தது. பெரியவர்கள் சிரிப்பதற்கு மழைக்கோட்டை இருக்கட்டும். குழந்தையின் கண்ணுக்கு மலைக்கோட்டை ஒன்றே போதும்.

இரண்டாவது, தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடக்கும் யுத்தம். 1978-ஆம் வருஷத்து அரசாங்க உத்தரவினால் 13 எழுத்துக்களின் உருவம் மாறிற்று. பெரியார் 1935-ஆம் வருஷத்திலேயே தம் பத்திரிகையில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதி அது. தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'யைத் தாத்தா எழுதினால் அது பிழையல்ல. பேரன் எழுதும் புது 'லை'யும் பிழையல்ல. பனையோலையில் எழுதிய முன்னோர்கள், ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கவில்லை. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் இன்று நாம் காணும் முறையில் வேறுபட்டது 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த உபகாரம். உருவம் காலத்தோடு மாறும். சொல்லுக்குரிய எழுத்து மாறாது. சண்டையை அந்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

சிவப்பு மை

இவ்வளவு உபதேசம் செய்கிறவன் தன் தவற்றையும் சொல்ல வேண்டும். 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொள்ளை நோயினால் மூடிய பள்ளிக்கூடங்கள், சிறு வகுப்புக்களுக்கு 2021-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாத விடுமுறை! இரண்டாம் வகுப்பில் வீட்டுக்குப் போன குழந்தை நாலாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அப்போது சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் தொடங்கி, தொண்டர்களை மாலை நேரங்களில் தெருத்தெருவாக அனுப்பியதை வாசகர்கள் அறிவார்கள்.

அந்த நவம்பரில் நான் வைத்த முதல் பரீட்சையில், ஒரு பையனுடைய முப்பது சொற்களில் இருபத்து மூன்றைச் சிவப்பு மையால் சுழித்தேன். அவன் முன்பு அழகாக எழுதியவன். மறுநாள் அவன் பேனாவைத் தொடவில்லை.

"ஏனப்பா எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"கை வலிக்குது, சார்" என்றான்.

ஒரு வாரம் அவனுக்குக் கை வலித்தது. வலி கையில் இல்லையென்று எனக்குத் தெரிய அவ்வளவு நாள் ஆயிற்று.

அதே வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் வீட்டிலும் கைபேசி வகுப்புக்கு வசதியில்லை. ஆனால் அவளுடைய எழுத்து அப்படியே இருந்தது. விசாரித்தேன். தாயும் தகப்பனும் ஸ்ரீரங்கத்தில் பூத் தொடுத்து விற்பவர்கள்; ஈரக் கையால் எழுத முடியாதென்று, வியாபாரம் நடந்த நாட்களிலெல்லாம் மாலைக் கணக்கை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். மல்லிகை, முல்லை, அரளி, துளசி, மரிக்கொழுந்து, தாழம்பூ என்று அவள் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். தப்பாக எழுதினால் அப்பா திட்டுவாரா என்று கேட்டேன். "அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, சார். நான்தான் படிச்சுக் காட்டணும்" என்றாள். திண்ணை வாத்தியார் மாலைதோறும் சொல்லி அனுப்பிய பூவின் பெயர், எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பூக்காரர் வீட்டில் உயிரோடு இருந்தது!

பையனிடம் மறுபடி போனேன். அவன் தாயார் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள். அவன் பாட்டியிடம் இருந்தான். "பரீட்சை வேண்டாம், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது, நான் திருத்த மாட்டேன்" என்றேன். எழுதினான். 'நீ எப்போது வறுவாய்?' என்று அதில் ஒரு வரி. வறுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று கேலி செய்ய நாக்கு எழுந்தது. நல்ல வேளையாக அடக்கிக்கொண்டேன். கடிதம் அப்படியே தபாலில் போயிற்று. பத்து நாளில் பதில் வந்தது. தாயார் எட்டாவது படித்தவளாம். 'பொங்கலுக்கு வருவேன், கண்ணு. கட்டாயம் வருவேன்' என்று எழுதியிருந்தாள். பையன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அடுத்த கடிதத்தில் அவன் எழுதிய 'வருவாய்' சரியாக இருந்தது. அதை அவனுக்கு நான் கற்பிக்கவில்லை. அன்று முதல் என் மேஜையில் சிவப்பு மை இல்லை. சரியாக எழுதிய சொல்லின் கீழே நீல மையால் ஒரு கோடு போடுகிறேன்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. யாருக்காவது எழுத வேண்டியிருக்கிற குழந்தை எழுத்தை மறப்பதில்லை. பூக்கணக்கானாலும், மளிகைச் சீட்டானாலும், அம்மாவுக்குக் கடிதமானாலும், மறுமுனையில் ஒரு மனிதர் காத்திருக்க வேண்டும். கைபேசியில் வாயாற் சொன்னால் அது தானே எழுதிக் கொடுக்கிறது என்பது மெய்தான். ஆனால் அது எழுதிக் கொடுத்தது சரியா என்று பார்க்க ஒரு கண் வேண்டுமே! அந்தக் கண்ணைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது நாம்.

இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தவறினால் முகம் சிவக்கும் நாம், தமிழில் தவறினால் 'அதனாலென்ன, புரிகிறதல்லவா?' என்கிறோம். அந்நியர் ஆட்சி போயிற்று; இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பெற்ற தாயின் பெயரைத் தப்பாக எழுதினாலும் புரியத்தான் புரியும். அதற்காக யாராவது அப்படி எழுதுவார்களா?

வருகிற விடுமுறையில், பெற்றோர்களே, உங்கள் குழந்தைக்கு வேறு எந்த வகுப்பும் வைக்க வேண்டாம். மாலையில் விளக்கேற்றியதும் ஒரு பூவின் பெயரைச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஜூன் மாதத்தில் நான் மலைக்கோட்டையைச் சொல்லும்போது, அது மலையின் மேலேயே இருக்கட்டும்.